குருதிச்சோகையா, தலசீமியாவா? இரும்புச்சத்து மாத்திரைக்கு முன் அறியவேண்டியவை

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உள்ளது. அதிலுள்ள வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. சிறுதட்டுகள் காயம்பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்கின்றன. செங்குருதிக் கலங்களோ, ஈமோகுளோபின் எனும் புரதத்தின் துணையுடன் நுரையீரலிலிருந்து உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டுசெல்கின்றன. செங்கலம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களே. ஆகையால் எலும்பு மச்சை ஓய்வின்றிப் புதியவற்றை ஆக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரும்புச்சத்து தேவை.

ஈமோகுளோபின் குறைவதையே குருதிச்சோகை என்கிறோம். களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, வெளிறிய தோற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். இதற்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைபாடு. மிகையான மாதவிடாய், கருத்தரிப்பு, போதிய உணவின்மை ஆகியவற்றால் அது ஏற்படலாம். உணவோடு தேநீர் அருந்தும் நமது வழக்கமும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இக்குறைபாடு காணப்பட்டால், குடலில் குருதிக்கசிவு உண்டா என ஆராய வேண்டும். மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

ஆயினும் சிறிய செங்கலங்கள் எல்லாம் இரும்புக் குறைவால் வருவன அல்ல. பெற்றோரிடமிருந்து ஒரு தலசீமியா மரபணுவைப் பெற்றவரின் குருதியும் பரிசோதனை அறிக்கையில் ஏறத்தாழ அவ்வாறே தோன்றும். இரும்பு போதியளவு இருந்தும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உட்கொள்வோர் உளர். அதனால் பயனில்லை, மிகையான இரும்பு தீங்கும் செய்யலாம். எனவே, “எனது பெரிட்டின் அளவு என்ன? ஈமோகுளோபின் பகுப்பாய்வு செய்யவேண்டுமா?” என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

இத்தகையவரை “நோய்காவி” என எழுதுவது வழக்கம். மொழிபெயர்க்கும்போது எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. அவர் நோயாளி அல்லர். பிறருக்குத் தொற்றச் செய்பவரும் அல்லர். “மரபணு கொண்டவர்” என்பதே பொருந்தும்.

கணவன் மனைவி இருவருமே பீற்றா தலசீமியா மரபணு கொண்டவர்களாயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்குக் கடுந்தலசீமியா ஏற்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்ததற்கு இவ்வாய்ப்பு மாறுவதில்லை. கடுந்தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். மச்சான், மச்சாள் முறைத் திருமணங்களில் இருவரும் ஒரே மரபணுவைக் கொண்டிருக்கும் வாய்ப்புக் கூடுதல். இதை எவரையும் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. முன்கூட்டியே பரிசோதிப்பது நன்று என்பதற்காகவே சொல்கிறோம்.

இங்கிலாந்தில் கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் தலசீமியாப் பரிசோதனை இலவசமாக வழங்கப்படுகிறது. 10 வாரங்களுக்கு முன் செய்துகொள்வது சிறந்தது. ஆகையால் கருவுற்றதை அறிந்தவுடனேயே மருத்துவிச்சியுடன் பதிவு செய்யுங்கள். தாயிடம் மரபணு காணப்பட்டால் தந்தைக்கும் பரிசோதனை வழங்கப்படும். பரிசோதனையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. திருமணத்துக்கு முன்போ, குழந்தையைத் திட்டமிடும்போதோ குடும்ப வைத்தியரிடமும் இப்பரிசோதனையைக் கோரலாம்.

சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறுங்கள். அதற்குக் கட்டணமில்லை. பிள்ளைகளை உரைபெயர்க்க அழைத்துச் செல்லவேண்டாம். முன்னைய பரிசோதனை அறிக்கைகள் தாயகத்தில் பெற்றவையாயினும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.