கழற்றிப் போட்டதைத் தேடி

1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சிறு ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு வேலை சாதாரணமாக நடந்தது. டிரையம்ஃப் டி.ஆர்.6 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நிற்கும். பானெட்டைத் திறந்து ஆறு இன்ஜெக்டர்களையும், அவற்றுக்குப் போகும் ஆறு பிளாஸ்டிக் குழாய்களையும், டிக்கியில் இருக்கும் மின்பம்பையும் கழற்றுவார்கள். அந்த இடத்தில் பழைய பாணி மேனிஃபோல்டு ஒன்றும் அதன் மேல் இரண்டு கார்புரேட்டர்களும் ஏறும். கழற்றிய சாமான் அட்டைப்பெட்டிக்குள் போகும்; பெட்டி மேசைக்கடியில் போகும். பிறகு காயலான் கடைக்கு.

இன்ஜெக்‌ஷனிலிருந்து கார்புரேட்டருக்கு! கிரைண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டுக்கல் வாங்குவது போலத்தான் தோன்றும். ஆனால் அன்றைக்கு அப்படிச் செய்தவர்களை யாரும் பைத்தியக்காரர் என்று சொல்லவில்லை.

கதை 1967-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த, டி.ஆர்.6-க்கு மூத்த டி.ஆர்.5-இல் 2,498 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின். அதற்குப் பெட்ரோல் ஊட்டியது லூகாஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். (சென்னைக்காரர்களுக்கு லூகாஸ் என்றால் பாடியில் ஒரு பஸ் ஸ்டாப். டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து பாடிக்கு வந்த அதே பர்மிங்ஹாம் லூகாஸ்தான் இது.) லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் டி-டைப்புக்குப் பயன்பட்ட நுட்பத்தின் வாரிசு. 150 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். காரில் ‘பி.ஐ.’ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) என்ற இரண்டெழுத்து வைத்திருப்பவருக்கு அக்கம்பக்கத்தில் ஒரு மிடுக்கு.

எலக்ட்ரானிக்ஸ் துளியும் இல்லாமல் அது வேலை செய்த விதம் அழகானது. மீட்டரிங் யூனிட் என்ற உருளைக்குள் ஒரு ரோட்டார் சுழலும். அதன் நடுவே, தறியில் நாடா ஓடுவது போல, ஒரு சின்ன உலோகத் துண்டு இரண்டு தடுப்புகளுக்கிடையே இங்குமங்கும் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிலிண்டருக்கான பெட்ரோல் அளந்து போகும். தடுப்புகளில் ஒன்று நகரக்கூடியது. எஞ்சினுக்குள் உறிஞ்சல் குறைந்தால், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்தால், தடுப்பு விலகும், நாடா நீளமாக ஓடும், பெட்ரோல் கூடும். இவ்வளவையும் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் டயஃப்ரமுமே பார்த்துக்கொண்டன.

சிக்கல் டிக்கியில் இருந்தது. இன்ஜெக்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அதைத் தரும் பம்புக்கு, கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வம்சத்தில் வந்த ஒரு மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். வெயில் காலத்தில், போக்குவரத்து நெரிசலில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது பம்ப் சூடேறும், பெட்ரோல் ஆவியாகும், பம்ப் காற்றைக் கடைந்துகொண்டு அலறும், வண்டி மிஸ் அடித்து நின்றுவிடும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வாங்கிப் பம்பின் மேல் வைத்து வீடு போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிய கதை டிரையம்ஃப் பிரியர்களிடையே இன்றும் உலவுகிறது. காய்ச்சலுக்கு ஈரத்துணி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது: அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. கார்புரேட்டரோடு வளர்ந்த மெக்கானிக்குக்குக் குழாயில் ஏர் எடுத்தால் என்ன செய்வது, அழுத்தத்தை எதை வைத்து அளப்பது என்பதெல்லாம் புதிது. மீட்டரிங் யூனிட்டைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டும். தெரியாததைத் திருகினால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. வண்டி கறுப்புப் புகை கக்கியது, பெட்ரோலைக் குடித்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வேறு. அடிக்கடி அணையும் விளக்குகளால் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று முன்பே பட்டப்பெயர் உண்டு. அந்தக் கேலியின் பங்கு இன்ஜெக்‌ஷனுக்கும் வந்து சேர்ந்தது.

தயாரித்த கம்பெனியே பின்வாங்கியதுதான் கொடுமை. இதே எஞ்சினோடு 1968-இல் வந்த 2.5 பி.ஐ. குடும்பக் கார் லேசுப்பட்டதல்ல. 1970-இல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை நடந்த உலகக் கோப்பை ராலியில் பிரையன் கல்செத் அதை ஓட்டி இரண்டாவதாக வந்தார். ஆனாலும் 1974-இல் 2500 டி.சி. வந்தது. டி.சி. என்றால் ட்வின் கார்புரேட்டர். 132 குதிரைத்திறன் இருந்த இடத்தில் நூறைத் தொடாத ஒன்று. ஆனால் காலையில் கிளம்பும். கம்பெனியே செய்ததைச் சொந்தக்காரர் செய்தால் என்ன தப்பு?

அப்படி ஏறியவை பெரும்பாலும் எஸ்.யு. கார்புரேட்டர்கள். செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்களின் கண்டுபிடிப்பு; முதலில் வந்த மாதிரியில் தோல் துருத்தி இருந்தது என்பதைப் படித்தபோது சிரித்தேன். வீட்டில் கிடந்த சரக்கு! பின்னாளில் துருத்தி போய் பிஸ்டன் வந்தது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச பிஸ்டன் மேலே ஏறும், அதோடு கூர்ந்த ஊசி ஒன்று ஜெட்டிலிருந்து எழும், பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக்க, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து ‘உஸ்ஸ்’ சத்தம் ஒத்துப்போகும் வரை திருகினால் போதும். பம்ப் அழுத்தம் இரண்டு மூன்று பவுண்டு இருந்தால் தாராளம்.

ஒரு குறை இருந்தது. ஆரம்பகால பி.ஐ. எஞ்சினின் கேம்ஷாஃப்ட் வேகத்துக்காகக் கடையப்பட்டது. மெல்ல ஓடும்போது அதில் உறிஞ்சல் பலவீனம். உறிஞ்சலை நம்பியே வாழும் கார்புரேட்டரை அதில் மாட்டினால் ஐட்லிங் தள்ளாடும். கேமையும் மாற்றியவர்களே நிம்மதியாக ஓட்டினார்கள்.

இன்று அதே நாட்டில், அதே காரில், வேலை தலைகீழாக நடக்கிறது.

பம்ப் பிரச்சினை எப்போதோ தீர்ந்தது. நவீன இன்ஜெக்‌ஷன் கார்களுக்கான போஷ் பம்பை எடுத்து மாட்டினார்கள், வெயிலானாலும் ஓடியது. குற்றவாளி டிக்கியில் இருக்க, பல ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்தது பானெட்டுக்கடியில் இருந்த மீட்டரிங் யூனிட். அதைப் பிரித்துச் சீல் மாற்றி, மேசையில் ஓட்டி அளந்து தரும் நிபுணர்கள் இப்போது இருக்கிறார்கள். ஒரு காலத்தில் எடைக்குப் போட்ட சாமானுக்கு இன்று பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கும் முறையில் நல்ல காசு. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்ததும், பழைய ரப்பரெல்லாம் தாங்காது என்பதால் சீல் வேலை இன்னும் கூடியது. மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு: லூகாஸும் வேண்டாம், எஸ்.யு.வும் வேண்டாம் என்று கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன் மாட்டுபவர்கள். வண்டி ஓட்டுவதற்குத்தான் என்றால் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் பழைய கார் வாங்குகிறவர் நியாயத்துக்காக வாங்குவதில்லை.

விலை இதில் பெரும் பங்கு வகிக்கிறது. டி.ஆர்.5 அரிது: செய்தது மொத்தம் 2,947. அதே காரை அமெரிக்காவுக்கு இரட்டை ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டரோடு டி.ஆர்.250 என்ற பெயரில் 8,484 அனுப்பினார்கள். அங்கே புகை விதிகள் கடுமை. திறன் நூறைச் சற்றே தாண்டியது. துரு பிடிக்காத கலிஃபோர்னியா வெயிலில் கிடந்த அந்த டி.ஆர்.250-களும் அமெரிக்க டி.ஆர்.6-களும் இப்போது கப்பலேறி இங்கிலாந்து திரும்புகின்றன. ஸ்டியரிங் வலப்பக்கம் மாறுகிறது, கார்புரேட்டர் இறங்குகிறது, லூகாஸ் ஏறுகிறது. பிறவியிலேயே கார்புரேட்டர் வண்டியாக இருந்தது ஐம்பது வயதில் பி.ஐ. ஆகிறது.

ஆனால் இன்ஜெக்‌ஷனை மட்டும் மாட்டினால் 150 வந்துவிடாது. இங்கிலாந்து எஞ்சினின் கம்ப்ரெஷன் 9.5, பிற்கால அமெரிக்க எஞ்சினில் அது 7.5 வரை இறங்கியிருந்தது. ஹெட்டைச் சீவ வேண்டும், கேமை மாற்ற வேண்டும். வாங்க வருகிறவர் அதற்கும் முன்னால் எண் தகட்டைத்தான் குனிந்து பார்க்கிறார். டி.ஆர்.6 என்றால் சி.பி., சி.ஆர். என்று தொடங்கும் எண் பி.ஐ.யாகப் பிறந்தது, சி.சி., சி.எஃப். என்றால் கார்புரேட்டரோடு பிறந்தது. சந்தேகம் தீராவிட்டால் கேடன் என்ற ஊரில் உள்ள மோட்டார் பாரம்பரிய அறக்கட்டளைக்கு எழுதிப் பிறப்புச் சான்றிதழ் போல ஒரு தாள் வாங்கலாம். ஆறு இன்ஜெக்டரும் பளபளக்க, சீராக உறுமிக்கொண்டு நிற்கும் காரில், தகடு மட்டும் சி.எஃப். என்கிறது.