திரை இல்லாத சர்வரில் ஒரு வரைபடம்

மாதாந்திர அறிக்கையோடு மின்னஞ்சலில் வந்து சேரும் வரைபடத்தை யாரும் உட்கார்ந்து வரைவதில்லை. எங்கோ ஒரு சர்வரில் ஜாவா நிரல் வரைந்து அனுப்பிவிடுகிறது. 2000-இல் டேவிட் கில்பர்ட் தொடங்கிய ஜேஃப்ரீசார்ட் என்ற ஜாவா நூலகம் இதற்குப் பெயர்பெற்றது. 'கிராஃபிக்ஸ்2டி' என்ற தூரிகையை அதன் கையில் கொடுத்தால் போதும். தூரிகை பிட்மேப்பில் எழுதினால் பிஎன்ஜி; அப்பாச்சி பேட்டிக் தருகிற தூரிகையானால், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறு தட்டாத எஸ்விஜி. வரையும் நிரலை மாற்றவே வேண்டாம். அருமையான வடிவமைப்பு இது.

ஆனால் மடிக்கணினியில் ஓடிய நிரல் சர்வரில் படுத்துக்கொள்வதுண்டு. ஜாவாவின் வரைகலை நூலகம் ஜன்னல்களுக்காகப் பிறந்தது. லினக்ஸில் அது திரையைக் கையாளும் எக்ஸ் சர்வரைத் தேடும். அதனால் முன்பெல்லாம் எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த்திரையை ஓடவிட்டு அதை ஏமாற்றினார்கள். 2002-இல் வந்த ஜாவா 1.4, திரை இல்லாமலே இயங்கும் 'ஹெட்லெஸ்' முறையைத் தந்தது. இன்று லினக்ஸில் திரையைச் சுட்டும் 'டிஸ்ப்ளே' என்ற சூழல் மாறி இல்லையென்றால் ஜாவா தானாகவே அதற்கு மாறிவிடும்.

சிக்கல் அந்த மாறி இருக்கும்போதுதான். எக்ஸ் ஃபார்வர்டிங்கோடு எஸ்எஸ்எச் வழியே நுழைந்த நிர்வாகி அங்கிருந்தே சர்வரைத் தொடங்கினால், அவருடைய டிஸ்ப்ளே அதற்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் வெளியேறிய பிறகு வரைபடம் கேட்டால், 'எக்ஸ்11-உடன் இணைய முடியவில்லை' என்று பிழை வரும். தொடக்கக் கட்டளையிலேயே ஹெட்லெஸ்ஸை 'ட்ரூ' என்று எழுதிவைப்பதுதான் நல்லது.

பிழை வந்தால் சர்வரின் பதிவேட்டைக் கீழிருந்து படிக்கக் கூடாது. ஒரு வகுப்பைத் தொடங்கும் முயற்சி தோற்றால் ஜாவா மறுபடி முயலாது. அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு 'வகுப்பைத் தொடங்க இயலவில்லை' என்று மட்டுமே சொல்லும். பழைய பதிப்புகளில் உண்மைக் காரணம் முதல் பிழையில் மட்டும்தான் இருக்கும். சர்வர் தொடங்கிய நேரத்துக்கு மேலேறிப் போய்ப் பாருங்கள்.

பெரும்பாலும் அங்கே எழுத்துருச் சிக்கல் காத்திருக்கும். திரை வேண்டாம் என்றாலும் எழுத்துரு வேண்டுமே! மெலிந்த கன்டெய்னர்களில் எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப்பும் ஃபான்ட்கான்ஃபிக்கும் பலவேளை இருப்பதில்லை. அவற்றை நிறுவினாலும் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் 'சென்னை' வெறும் கட்டங்களாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவினால் சரியாகும். எஸ்விஜியில் எழுத்து எழுத்தாகவே போவதால், பார்ப்பவர் கணினியிலும் எழுத்துரு வேண்டும். பேட்டிக்கிடம் சொல்லி எழுத்தைக் கோட்டுருவாக மாற்றலாம். கோப்பு பெருக்கும், சொல்லைத் தேட முடியாது. ஆனால் பார்ப்பவர் கணினியில் எழுத்துரு தேவைப்படாது.