தளத்துக்கு அடியில் ஒரு தொட்டி

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரியும் உறுப்பு ஒன்றை மாற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத உறுப்பையும் மாற்ற நேர்வதுண்டு. பழைய படகுக்குப் புதிய எஞ்சினைப் பொருத்துவோர் இதனைத் தளத்தைத் திறக்கும்போது அறிகின்றனர். அடியில் மறைந்திருக்கும் எரிபொருள் தொட்டியை மாற்றியமைப்பது கைத்திறன் மட்டும் சார்ந்த பணியன்று. இயற்பியலும் வேதியியலும் கணக்கும் ஒருங்கே துணைநிற்க வேண்டிய பணியாகும். அப்பணியின் படிநிலைகளையும் அவற்றின் காரணங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

படகின் வயது, எஞ்சினின் வயது

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் சிறு படகுகளைக் கட்டும் முறை பெரிதும் மாறியது. மரப்பலகைகள் இருந்த இடத்தைக் கண்ணாடியிழையும் பிசினும் பிடித்தன. ஓர் அச்சிலிருந்து பல படகுகளை வார்த்தெடுக்க முடிந்தமையால், நடுத்தரக் குடும்பத்தினரும் படகு வாங்கினர். இவ்வாறு கட்டப்பட்ட படகின் உடற்பகுதி நன்கு பேணப்பட்டால் ஐம்பது ஆண்டுகளையும் கடந்து உழைக்கும். எஞ்சினோ அத்துணைக் காலம் உழைப்பதில்லை. எனவே, பழைய பெட்ரோல் எஞ்சினை அகற்றிவிட்டுப் புதிய டீசல் எஞ்சினைப் பொருத்துவது அந்நாட்டுப் படகுத்துறைகளில் நடைபெறும் பணிகளுள் ஒன்றாகும்.

இப்படகுகள் பலவற்றில் எரிபொருள் தொட்டி தளத்துக்கு அடியில், எராவுக்குச் சற்று மேலே, இரு நெடுவிட்டங்களுக்கு இடையே அமைந்திருக்கும். எரா என்பது படகின் முதுகெலும்பாகிய அடிப்பகுதி. எடைமிக்க எரிபொருள் தாழ்வாகவும் நடுக்கோட்டிலும் இருந்தால் படகு எளிதில் சாயாது. தளத்தின் மேல் இடமும் மிச்சமாகும். ஆயினும், இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. தொட்டியைச் சுற்றி நுரைப்பஞ்சு நிரப்பி, அதன்மேல் தளத்தை ஒட்டி மூடிவிடுவதால், தொட்டி என்ன நிலையில் உள்ளது என்பதைப் பல்லாண்டுகள் எவரும் காண இயலாது.

எஞ்சின் மாறினால் தொட்டி ஏன் மாற வேண்டும்?

இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, இடம். புதிய எஞ்சின் பழையதைவிட நீளமாக இருப்பின், அதன் முன்முனை தொட்டியின் பின்முனையோடு முட்டும். இரண்டாவது, குழாய். கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் எஞ்சினுக்குத் தொட்டியிலிருந்து செல்லும் ஒரு குழாயே போதுமானது. டீசல் எஞ்சின் தனக்குத் தேவையான அளவைவிட மிகுதியான எரிபொருளை இழுத்து, எரித்தது போக எஞ்சியதைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். ஆகவே, தொட்டியில் திரும்புகுழாய்க்கெனத் தனி வாய் ஒன்று வேண்டும். மூன்றாவது, முதுமை. எஞ்சின் வெளியே எடுக்கப்பட்டிருக்கும் வேளையே தொட்டியை அணுகுவதற்கு உகந்த வேளை. அப்போது ஆராயாமல் விட்டால், சில ஆண்டுகளில் புதிய எஞ்சினையே மீண்டும் கழற்ற நேரிடலாம்.

அலுமினியத்தின் வலிமையும் வலுவின்மையும்

இத்தொட்டிகளுள் பெரும்பாலானவை அலுமினியக் கலவையால் ஆனவை. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அப்படலமே அவ்வுலோகத்தின் கவசம். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனை உடனே மூடிவிடும்.

நுரைப்பஞ்சு நீரை உறிஞ்சித் தொட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே உப்புநீர் தேங்குகிறது; ஆக்சிஜன் புகுவதில்லை. கவசம் புதுப்பிக்கப்படாமையால் உலோகத்தில் ஊசிமுனை அளவிலான குழிகள் தோன்றி, நாளடைவில் துளைகளாகின்றன. தொட்டியின் மேற்பகுதி புத்தம்புதியதுபோல் பளபளக்க, அடிப்பகுதி சல்லடையாகிக் கிடப்பதும் உண்டு. பித்தளை இணைப்புகள் அலுமினியத்தை நேரடியாகத் தொடும் இடங்களிலும் அரிப்பு விரைவாக நிகழும். இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் தன்னை இழப்பது அலுமினியமே.

காலியான தொட்டியே கொடியது

எரிபொருளை வடித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் எனப் பலர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. எரிவது பெட்ரோல் என்னும் நீர்மமன்று. அதன் ஆவியே எரிகிறது. ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை இருக்கும்போது, சிறு பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். நிரம்பிய தொட்டியில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. வடித்த தொட்டியிலோ சுவர்களில் ஒட்டிய துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்கப் போதிய இடம் உண்டு.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு எடை மிக்கது. சாலையில் செல்லும் ஊர்தியிலிருந்து கசியும் ஆவி தரையில் பரவிக் கலைந்துவிடும். படகிலோ அது வெளியேற வழியின்றி, நீர் தேங்கும் அடிப்பள்ளத்தில் இறங்கிப் படிந்திருக்கும். மின்விசை ஒன்றைத் தட்டும்போது எழும் பொறியே அதற்குப் போதுமானது.

ஆகவே, தளத்தை அறுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை முறையாக வகுக்கப்பட்டுள்ளன. மின்கல இணைப்பைத் துண்டித்தல், எரிபொருளை உரிய கலன்களில் வடித்தல், அடிப்பள்ளத்தைக் காற்றோட்டத்தால் தூய்மையாக்குதல், ஆவியின் அளவைக் கருவி கொண்டு சோதித்தல் ஆகியன அவை. மூக்கால் முகர்ந்து முடிவு செய்வது முறையன்று. நெடுநேரம் ஒரே மணத்தில் இருப்பவரின் மூக்கு அம்மணத்தை உணர்வதை நிறுத்திவிடும். அறுக்கும்போதும் வாளின் ஆழம் தளத்தின் தடிமனுக்கு மேல் செல்லலாகாது. படகின் வலிமையைத் தாங்கும் நெடுவிட்டங்களை அறுத்துவிடாமல், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டுமே திறத்தல் வேண்டும்.

வெட்டி ஒட்டுவதா, புதிதாகச் செய்வதா?

பழைய தொட்டியின் ஒரு முனையை வெட்டிச் சுருக்கிப் பற்றவைத்துவிடலாம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். செலவு குறைவு என்பதே அதன் கவர்ச்சி. ஆனால், பெட்ரோல் இருந்த தொட்டியில் பற்றவைப்புத் தீயைக் காட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஒருமுறை கழுவிய தொட்டியிலும் மடிப்புகளிலும் படிவுகளிலும் ஒளிந்துள்ள எரிபொருள், சூடு பட்டவுடன் மீண்டும் ஆவியாகும். இப்பணியைச் செய்வோர் தொட்டியை முற்றிலும் தூய்மையாக்கி, ஆவி இல்லை எனச் சோதித்து, ஆர்கான் போன்ற மந்த வாயுவை உள்ளே நிரப்பிய பின்னரே பற்றவைப்பர். தகுந்த பயிற்சி பெறாதவர் இதில் இறங்கலாகாது.

இவ்வளவு செய்தாலும், அரிப்புக்கு உள்ளான தகடு புதிய பற்றவைப்பைத் தாங்குமா என்னும் ஐயம் எஞ்சி நிற்கும். குழிவிழுந்த தகட்டின் மெல்லிய பகுதி சூட்டில் உருகி ஓட்டையாகலாம். ஆகவே, பழைய தொட்டியை அளவுக்கான மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு, புதிய தொட்டியைச் செய்துகொள்வதே பெரும்பாலும் அறிவுடைய தேர்வாகிறது.

கணக்கு காட்டும் வழி

பழைய தொட்டி 150 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உடையது எனக் கொள்வோம். அதன் கொள்ளளவு 225 லிட்டர். புதிய எஞ்சினுக்காக நீளத்தில் 30 சென்டிமீட்டரைக் குறைத்தால் கொள்ளளவு 180 லிட்டராகும். இழப்பு 45 லிட்டர். படகோட்டிகள் எரிபொருளை மூன்று பங்காக்குவர்: செல்வதற்கு ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, காற்றும் அலையும் எதிர்த்தால் உதவ ஒரு பங்கு. முன்னர் ஒரு பங்கு 75 லிட்டர். இப்போது 60 லிட்டர். ஒரே வேலைக்கு டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைந்த எரிபொருளைச் செலவிடுவதால், பயணத் தொலைவு அதே அளவில் குறைந்துவிடாது.

அடுத்தது எடை. புதிய எஞ்சின் பழையதைவிட 120 கிலோகிராம் கூடுதலாக உள்ளது. அது படகின் மிதப்பு மையத்திலிருந்து 2 மீட்டர் பின்னால் அமைகிறது எனக் கொள்வோம். அதனால் படகின் பின்பகுதியைத் தாழ்த்தும் திருப்புத்திறன் 120 × 2 = 240 கிலோகிராம் மீட்டர். தொட்டியை முன்னே தள்ளி இதனைச் சரிசெய்யலாமா? 180 லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 151 கிலோகிராம். அதனை ஏறத்தாழ 1.6 மீட்டர் முன்னே நகர்த்தினால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால், இக்கணக்குத் தொட்டி நிரம்பியிருக்கும் வரையில்தான் செல்லும். எரிபொருள் தீரத் தீர முன்பக்க எடை குறைந்து பின்பக்கம் தாழும். களைத்துத் திரும்பும் வேளையில், அலை பெருகும் மாலைப் பொழுதில், படகு தன் சமநிலையை இழந்துவரும்.

மாறாக, பின்பகுதியில் உள்ள 60 கிலோகிராம் எடையுள்ள இரு மின்கலங்களை 4 மீட்டர் முன்னே நகர்த்தினாலும் அதே 240 கிலோகிராம் மீட்டர் கிடைக்கும். மின்கலத்தின் எடை பயணத்தில் குறைவதில்லை. குறையும் எடையை மிதப்பு மையத்தின் அருகில் வைத்து, மாறா எடையைக் கொண்டு சமன்செய்வதே இங்குப் பின்பற்றத்தக்க நெறி.

மூன்றாவது, உள்ளே அலையும் நீர்மம். பாதி நிரம்பிய தொட்டியில் எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கினால் படகின் சாய்வு மிகும். தொட்டியை நீளவாக்கில் முழுச்சுவரால் இரண்டாகப் பிரித்தால் இவ்விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். துளையிட்ட தடுப்புத் தகடுகள் நீர்மத்தின் வேகத்தைத் தணிக்குமேயன்றி அதனை முழுவதும் தடுத்துவிடா. ஆயினும், அலைமோதலால் தொட்டியின் சுவர்கள் தளர்வதை அவை பெரிதும் குறைக்கின்றன.

பொருத்தும் நெறிகள்

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி, உட்பொருத்திய பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்கான எரிபொருள் அமைப்பு விதிகளைக் கடலோரக் காவற்படை வகுத்தது. டீசல் படகுகளைக் கட்டுவோருக்கும் அவ்விதிகளின் உட்பொருள் வழிகாட்டத்தக்கது.

தொட்டி படகின் கட்டமைப்போடு ஒன்றாக இருத்தல் கூடாது. தளத்தின் எடையைத் தாங்கவும் கூடாது. உலோகத் தொட்டிக்கு நுரைப்பஞ்சு மட்டுமே தாங்கியாக அமையலாகாது. படகு நீரில் அசையாது மிதக்கும்போது தொட்டியின் மேற்பரப்பில் நீர் தேங்காமல் வடிந்துவிட வேண்டும். தொட்டியின் திறப்புகள் அனைத்தும் அதன் மேற்பரப்பிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அவ்வாறிருந்தால் இணைப்பு ஒன்று பழுதுபட்டாலும் எரிபொருள் தானே வடிந்து அடிப்பள்ளத்தை நிரப்பாது. உலோகத் தொட்டியும் நிரப்புவாயும் மின்வழியில் புவியிணைப்போடு பிணைக்கப்பட வேண்டும். எரிபொருள் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பொறியாக மாறாமல் காப்பது இப்பிணைப்பே.

திரும்புகுழாயின் முனையை உறிஞ்சுகுழாயின் அருகே வைத்தல் தவறு. எஞ்சினிலிருந்து சூடாகவும் குமிழிகளோடும் திரும்பும் எரிபொருளை எஞ்சின் உடனே மீண்டும் உறிஞ்சினால் அதன் ஓட்டம் தடுமாறும். டீசலைத் தொடும் இடங்களில் துத்தநாகப் பூச்சுடைய இரும்பையும் செம்பையும் தவிர்ப்பது நலம். அவை எரிபொருளின் தரத்தைக் கெடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

மகிழுந்தில் பயன்படும் மின்னாக்கியும் படகுக்கென ஆக்கப்பட்ட மின்னாக்கியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். படகுக்குரியது, தனக்குள் எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதவாறு காக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின் படகில் மகிழுந்தின் உறுப்பைப் பொருத்துவது வெடிப்புக்கு வழிகோலும். அத்தகைய படகில் எஞ்சினை இயக்கும் முன் நான்கு நிமிடம் காற்றூதியை இயக்குமாறு அமெரிக்க விதி எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது.

சோதனையும் திறப்பும்

தொட்டி பொருத்தப்பட்டதும் தளத்தை மூடிவிடுதல் முறையன்று. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்னும் சிறிய காற்றழுத்தத்தை உள்ளே செலுத்தி, இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தல் வேண்டும். குமிழி தோன்றும் இடம் கசியும் இடம். அழுத்தத்தை மிகுதியாக்கினால் தொட்டியின் தட்டையான சுவர்கள் புடைத்துப் பழுதுபடும். ஆகவே அளவறிந்து செலுத்துதல் இன்றியமையாதது.

இறுதியாக, தளத்தில் இணைப்புகளுக்கு நேர் மேலே திறந்து மூடத்தக்க மூடிகள் அமைக்கப்பட வேண்டும். பழைய படகைக் கட்டியவர்கள் தொட்டியை நன்றாகவே பொருத்தியிருக்கலாம். ஆனால் அது பழுதுபடும் நாளை எண்ணி ஒரு வாயிலை வைத்தாரில்லை. ஒரு பொருளைச் செய்பவர், பின்னாளில் அதனைப் பழுதுபார்க்கப் போகிறவரையும் மனத்தில் கொள்ள வேண்டும். கரையிலிருந்து நெடுந்தொலைவில், குழந்தைகளும் முதியோரும் அமர்ந்திருக்கும் தளத்துக்கு ஒரு சாண் கீழே அத்தொட்டி இருக்கிறது. அதனைக் கண்டு ஆராய வழி இருத்தலே அவர்களுக்கான காப்பு.

கற்பவை கற்றபின்

1. நிரம்பிய தொட்டியைவிடக் காலியான தொட்டி ஆபத்தானது ஏன் என்பதைக் காரணங்களுடன் வகுப்பில் விளக்குக.
2. தொட்டியின் நீளத்தை 40 சென்டிமீட்டர் குறைத்தால் கொள்ளளவு எவ்வளவாகும் எனக் கணக்கிட்டு, மூன்று பங்கு முறைப்படி பிரித்துக் காட்டுக.
3. வீட்டிலோ பள்ளியிலோ மறைவாக அமைந்துள்ள குழாய், தொட்டி, மின்கம்பி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பழுதுபார்க்க வழி உள்ளதா என ஆராய்ந்து ஒரு பக்க அளவில் எழுதுக.