கல்குவாரிக் கருத்துக் கேட்பும் உழவர் மனுவும்

மானாவாரிப் பகுதிகளில் கரடும் பாறையும் இல்லாத ஊர் அரிது. கட்டுமானத்திற்குக் கருங்கல் ஜல்லியும் எம்-சாண்டும் பெருமளவில் தேவைப்படுவதால், இப்பாறைகளைக் குத்தகைக்கு எடுத்து உடைப்பதற்கு விண்ணப்பங்கள் வந்தவண்ணம் உள்ளன. விண்ணப்பம் வந்துவிட்டது என்றாலே, "இனி நம் கையில் என்ன இருக்கிறது" என்று அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சோர்ந்துவிடுகின்றனர். அது சரியன்று. அனுமதி வழங்குமுன் உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி உள்ளது. அக்கருத்தை எப்படிச் சொன்னால் அது கோப்பில் ஏறும் என்பதை இங்கே காண்போம்.

உரமும் விதையும் பற்றி எழுத வேண்டிய உழவியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் சொந்த ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கூட்டம் ஒன்று நடந்தது. நானும் போயிருந்தேன். ஊரே திரண்டிருந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்தவர்கள் அனைவரும் "குவாரி வேண்டாம்" என்றே பேசினர். பாதியில் கூச்சல் எழுந்து, பெரும்பாலோர் வெளியேறினோம். அதையே வெற்றி என்றும் எண்ணிக்கொண்டோம். பின்னர் நடவடிக்கைக் குறிப்பைப் படித்தபோது, எங்கள் பேச்செல்லாம் "பொதுமக்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற ஒரே வரியாக இருந்தது. அதற்கு எதிரே விண்ணப்பதாரரின் பதிலும் ஒரே வரிதான்: "விதிகளின்படி பணி நடைபெறும்."

அதைவிட வருத்தம் தந்தது அறிக்கையில் இருந்த நிலப்பயன்பாட்டு விவரம். எங்கள் நிலக்கடலைக் காடுகள் அதில் "தரிசு" எனக் காட்டப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் பங்குனி, சித்திரையில் வந்திருக்கிறார்கள். கோடையுழவு செய்து போட்ட காட்டில் அவர்கள் எதைக் காண்பார்கள்? ஆடியில் விதைத்துக் கார்த்திகைக்குள் காய் பறித்துவிடுவோம் என்பதை அன்று எங்களில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. உழவியல் படித்த நானும் கொடுக்கவில்லை.

கூட்டம் எப்போது உண்டு?

மத்திய அரசு 14.9.2006 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. முதலில் சிறு குவாரிகள் இதற்குள் வராமல் இருந்தன. 2012-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்குப் பின், 5 எக்டருக்குக் குறைந்த குத்தகையானாலும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே தீர வேண்டும் என்றாயிற்று. 5 எக்டருக்கு (ஏறத்தாழ 12 ஏக்கர் 36 சென்ட்) மேற்பட்ட குவாரிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவை என 2018-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கூறியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு எக்டர், மூன்று எக்டர் என்று தனித்தனியே விண்ணப்பம் வந்திருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த குவாரிகளைத் தொகுப்பாகக் கருதி, பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. கூட்டினால் 5 எக்டரைத் தாண்டுகிறதா என்று கிராம வரைபடத்தை வைத்து நீங்களே பார்த்துவிடலாம். தாண்டினால், கருத்துக் கேட்பு நடத்தக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

தாண்டாத சிறு குவாரிக்குக் கூட்டம் இல்லை. அப்போதும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. வருவாய்த் துறையினரும், புவியியல் மற்றும் சுரங்கத் துறையினரும் இடத்தைப் பார்வையிட வருவார்கள். அப்பொழுது நேரில் மனு கொடுக்கலாம். மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். அத்தீர்மானத்தால் மட்டும் குவாரி நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஒரு சான்று, அவ்வளவே.

அறிவிப்பு வந்தவுடன்

கூட்டத்தை நடத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது அவர் சார்பில் வரும் உயர் அலுவலர். நாளிதழ்களில் அறிவிப்பு வரவேண்டும். அவற்றுள் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். அறிவிப்புக்கும் கூட்டத்திற்கும் இடையே குறைந்தது 30 நாட்கள் வேண்டும். இடமும் குவாரிப் பகுதியிலோ அதற்கு மிக அருகிலோ இருத்தல் வேண்டும்.

இந்த 30 நாட்களில் வரைவு அறிக்கையைப் படித்துவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றியம், மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் அது பார்வைக்கு இருக்கும். சுருக்கம் தமிழிலும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாமே என்பார்கள் சிலர். அதற்குப் பதில் தரவே 30 நாள் கெடு; பதில் வருமுன் கூட்டம் முடிந்துவிடும். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், இருவர் நேரில் சென்று பார்த்துக் குறித்து வருவதே நல்லது.

பார்க்க வேண்டியவை மூன்று. உங்கள் சர்வே எண்களில் என்ன பயிர் இருப்பதாக எழுதியுள்ளார்கள்? சுற்றியுள்ள கிணறுகள் எத்தனை என்று காட்டியுள்ளார்கள்? குழியின் இறுதி ஆழம் எவ்வளவு? ஆழத்தைக் குன்றின் உச்சியிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்களா, தரைமட்டத்திற்குக் கீழே கணக்கிட்டிருக்கிறார்களா என்பதையும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனுவில் எழுத வேண்டியது

மனுவிற்கு உயிர் சர்வே எண்ணும் அளவும்தான். முதலில் அடங்கலைப் பெறுங்கள். கடந்த மூன்று பசலி ஆண்டுகளின் அடங்கல் நகல் இருந்தால், கோடையில் வெறும் காடாகக் கிடந்த நிலம் மழைக்காலத்தில் என்ன விளைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். களத்தைப் பாராமல் "தரிசு" என்று எழுதிய அடங்கலும் உண்டு. ஆகவே விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு பட்டத்திலும் பயிர் சரியாக ஏறியுள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்வது நல்லது. குத்தகைக்கு உழுபவரும் மனுக் கொடுக்கலாம். பட்டா உள்ளவர்தான் பேச வேண்டும் என்று விதி இல்லை.

அடுத்தது கிணறு. கெட்டிப்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் ஒரே மட்டமாகத் தேங்கி நிற்பதில்லை. மேலே மக்கிய பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் ஊர்ந்து வருகிறது. குவாரிக் குழி உங்கள் கிணற்றின் அடிமட்டத்திற்கும் கீழே போகுமானால், அந்த ஊற்று குழியை நோக்கித் திரும்ப வாய்ப்புண்டு. குழியில் தேங்கும் நீரை இறைத்து வெளியேற்ற ஆரம்பித்தால் இன்னும் விரைவாக இறங்கும். எனவே கிணற்றின் மொத்த ஆழத்தையும் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். நீர்மட்டத்தை அளப்பதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. கல் கட்டிய கயிறு போதும். விடியற்காலையில், மோட்டார் போடுமுன், தரையிலிருந்து நீர் வரை அளக்க வேண்டும். மாலையில் இறைத்து ஓய்ந்தபின் அளந்தால் கணக்குத் தவறாகும். சித்திரையில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என ஆண்டுக்கு இரு அளவுகளை நோட்டில் எழுதி வருபவரின் சொல்லை எந்த அலுவலரும் எளிதில் தள்ள முடியாது.

மூன்றாவது தூசி. ஜல்லி உடைக்கும் இடத்திலிருந்தும் லாரித் தடத்திலிருந்தும் எழும் தூசி இலையில் படிந்து, ஒளியைத் தடுத்து, இலைத்துளைகளையும் அடைக்கும். பூக்கும் தருணத்தில் சூல்முடியில் படிந்தால் மகரந்தச் சேர்க்கையும் கெடும். தூசி படிந்த மல்பெரி இலையைப் பட்டுப்புழு சரியாகத் தின்பதில்லை. எந்தப் பயிர், எந்த மாதத்தில் பூக்கிறது, அம்மாதத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று எழுதுங்கள். மேற்குக் கரட்டில் குவாரி, கிழக்கே உங்கள் நிலம் என்றால் ஆடிக் காற்று தூசியை நேரே உங்கள் காட்டில் கொட்டும். "பயிர் பாதிக்கும்" என்ற இரண்டு சொல்லுக்கும் இதற்கும் எவ்வளவு வேற்றுமை!

தொலைவையும் அளந்து எழுதுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரலாகாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 கூறுகின்றன. இந்த 300 மீட்டர் கணக்கு குடியிருப்பிற்கே உரியது. உங்கள் கிணற்றிற்கும் பயிருக்கும் அது இல்லை. ஆகவேதான் அவற்றின் நிலையை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனுவின் வாசகம் இவ்வாறு அமையலாம்: "...... கிராமம், சர்வே எண் ......-ல் 2 ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை சாகுபடி செய்து வருகிறேன். மூன்று ஆண்டு அடங்கல் நகல் இணைத்துள்ளேன். வரைவு அறிக்கையின் ......-ஆம் பக்கத்தில் இந்நிலம் தரிசு எனக் காட்டப்பட்டது தவறு, திருத்த வேண்டுகிறேன். என் கிணறு குவாரி எல்லையிலிருந்து 180 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆழம் 60 அடி. குழியின் ஆழம் தரைக்குக் கீழ் 100 அடி என அறிக்கை கூறுகிறது. கிணற்று நீர் குறைந்தால் விண்ணப்பதாரர் என்ன செய்வார் என்பதற்கு எழுத்து மூலம் பதில் வேண்டும்."

ஊர் முழுவதற்கும் ஒரே மனுவை அச்சடித்து நூறு பேர் கையொப்பம் இடுவதைவிட, பத்துப் பேர் தத்தம் நிலத்தைப் பற்றித் தனித்தனியே எழுதுவது மேல். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தன்று

இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரம்பு இதற்குக் கிடையாது. நீங்கள் புறக்கணித்தாலும், பத்துப் பேரை வைத்துக்கொண்டு நடத்தினாலும் அது நடந்த கூட்டமே. கூச்சல் போட்டு நிறுத்திவிடலாம் என்பதிலும் ஆபத்து உண்டு. மக்கள் தடையின்றிக் கருத்துக் கூறும் சூழ்நிலை அவ்வூரில் இல்லை என வாரியம் தெரிவித்தால், நேர்முகக் கூட்டமே தேவையில்லை என்று முடிவு செய்ய அதிகாரம் பெற்ற அமைப்பிற்கு விதி இடம் தருகிறது. எங்கள் ஊரில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முழு நடவடிக்கையும் ஒளிப்பதிவு செய்யப்படும். ஆகவே பேசும்போது பெயர், ஊர், சர்வே எண் சொல்லி, மனுவில் உள்ளதையே சுருக்கமாகப் பேசி, மனுவையும் கையில் கொடுத்துவிடுங்கள். பேசத் தயங்கும் தாய்மார்கள் எழுத்தில் கொடுத்தாலும் அதே மதிப்புதான். முற்றிலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. நம் வீட்டுக் கடைக்காலிலும் கருங்கல்தான் இருக்கிறது. தடத்தில் நாள்தோறும் நீர் தெளித்தல், லாரியைத் தார்ப்பாயால் மூடுதல், குறித்த நேரத்தில் மட்டும் வெடி வைத்தல், ஓடையை மறிக்காதிருத்தல் எனக் கட்டுப்பாடுகளைக் கேட்பதும் கருத்தே.

கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி கையொப்பமிட வேண்டும். பெரும்பாலோர் அதற்குள் பேருந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இருந்து கேளுங்கள். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் எழுந்து சொல்வதற்குரிய தருணம் அதுவே.

கூட்டத்திற்குப் பின்

மக்கள் எழுப்பிய ஒவ்வொரு பொருளுக்கும் விண்ணப்பதாரரின் பதில் இணைக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பு ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். இதன்பின் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு கோப்பை ஆராய்ந்து பரிந்துரைக்க, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். அனுமதி வழங்கப்பட்டால், விண்ணப்பதாரர் அதனை நாளிதழில் விளம்பரப்படுத்த வேண்டும்; நிபந்தனைகளின் நகல் ஊராட்சிக்கும் வரும். அந்நகலைப் படித்து, நீங்கள் கேட்ட கட்டுப்பாடுகள் எவை ஏறியுள்ளன என்று பாருங்கள். அனுமதியே தவறு என்று கருதினால், சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை ஏற்கலாம், அதற்குமேல் இல்லை. ஆகவே விளம்பரம் வந்த நாளிதழைத் தேதியோடு, முத்திரை பெற்ற மனு நகலுடன் சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.