செயின் சோவின் பல் மழுங்கினால் ஆபத்து யாருக்கு?

தோட்டத்தில் சவுக்கு மரம் வெட்டுகிறவர்களுக்கும், மட்டக்களப்புப் பக்கம் தென்னை வெட்டப் போய் வருகிற நம் பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றித் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தென்னை பார்க்கத்தான் லேசு. அதன் வெளிப்பக்கம் நல்ல வைரம். மரத்துக்குள்ளேயே மணல் போன்ற நுண்ணிய துகளும் உண்டு. அதோடு கீழே விழுந்த மரத்தில் வாவிக்கரை மணல் ஒட்டியிருக்கும். ஓடுகிற சங்கிலி ஒரு தடவை மணலில் பட்டாலே போதும், பல் மொட்டையாகிவிடும். ஆகவே மரத்தைத் தட்டித் துடைத்து, நிலத்தில் படாமல் கட்டை வைத்து உயர்த்தி வெட்டுங்கள்.

பல் மழுங்கியதை எப்படி அறிவது? கூரான பல் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கினது மாவு மாதிரித் தூளைத்தான் கொட்டும், புகையும் வரும். அப்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? உடம்பைச் சாய்த்து மெசினை அழுத்துகிறார்கள். கை சோர்ந்து, கால் வழுக்கி, காயம் வருவது அங்கேதான்.

தீட்டுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பிளக் வயரைக் கழற்றுங்கள். தோல் கையுறை கட்டாயம், கண்ணாடியும் போடுங்கள். பாரை அசையாமல் இறுக்கி வையுங்கள். சங்கிலியின் அளவுக்கு ஏற்ப 4, 4.8, 5.2 மில்லிமீற்றர் என்று வட்ட அரம் கடையில் கிடைக்கும். அளவு தெரியாமல் கிடைத்த அரத்தால் தேய்த்தால் பல்தான் வீணாகும். பல்லின் மேலே கோடு போட்டிருக்கும், பெரும்பாலும் 30 பாகை. அந்தக் கோட்டோடு அரத்தைப் பிடித்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணலாகப் போகும்.

பல்லுக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கிறதே, அதைப் பலர் கவனிப்பதில்லை. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. அளவுத் தகடு வைத்துத்தான் அதைத் தேய்க்க வேண்டும். "சீக்கிரம் வெட்டும்" என்று கண்மதிப்பில் குறைத்தால், பல் அளவுக்கு மீறிக் கடித்து, மெசின் முகத்தை நோக்கி எகிறும். பாரின் நுனி மேற்பக்கம் மரத்தில் முட்டினாலும் இதே கதைதான்.

சங்கிலி பாரின் அடியில் தொங்கக் கூடாது. கையுறை போட்ட கையால் இழுத்தால் லேசாக நகரவும் வேண்டும். சூட்டில் இறுக்கிய சங்கிலி ஆறும்போது சுருங்கும், ஆகவே வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். கழிவு ஒயில் ஊற்றாதீர்கள்.

2019 இல் இந்த மெசின்களைப் பொலிஸில் பதிவு செய்யச் சொன்னார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பொலிஸில் விசாரித்து, உரிய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு ஒன்று. லயத்து அறையில் அடுப்புப் பக்கம் மெசினையோ பெற்றோலையோ வைக்க விடாதீர்கள். யாருக்காவது வெட்டுப்பட்டால் காப்பித்தூள், மண் எதுவும் வைக்க வேண்டாம். சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1990 க்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.