கண்டிப்பான தலைவரை ஊழியர்களுக்கு ஏன் பிடித்தது?

தண்ணீர் ஒழுங்காக வரும்வரை குடிநீர் வாரிய ஊழியரை யாரும் நினைப்பதில்லை. வராத அன்று ஊரே அவரைத் தேடுகிறது. நடுராத்திரி குழாய் உடைந்தால் பள்ளத்தில் இறங்குபவரும் அவர்தான், காலிக் குடத்தோடு மறியலுக்கு வந்தவர்களிடம் முதலில் ஏச்சு வாங்குபவரும் அவர்தான். இந்த வேலையில் மனநிறைவுக்குச் சம்பளம் மட்டும் போதாது. மேலே இருப்பவர் எப்படி நடத்துகிறார் என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கிறது.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ் 1978-ல் தலைமையை இரண்டாகப் பிரித்தார். செய்த வேலைக்குப் பலன், செய்யாததற்குத் தண்டனை என்று கணக்குப் பார்ப்பது ஒன்று. வேலையின் நோக்கத்தையே உணர்த்தி ஆட்களை மாற்றுவது மற்றொன்று. மேலாண்மை வகுப்புகளில் இரண்டாவதற்குத்தான் மவுசு. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பிரிவினை கொஞ்சம் ஆட்டம் காணும்.

1993-ல் அந்நகரக் குடிநீர் ஆணையத்தின் பொறுப்புக்கு ஏக் சொன் சான் என்ற பொறியாளர் வந்தபோது, உற்பத்தியான நீரில் சுமார் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. வினியோகம் நாளுக்குப் பத்து மணி நேரம்தான். ஊழியருக்கு மாதம் 20 டாலர் அளவில்தான் சம்பளம். அதில் குடும்பம் நடக்காது என்பதால், திருட்டு இணைப்பு கொடுத்துக் காசு பார்த்தவர்களில் ஊழியர்களே பலர். அப்படி ஒரு அலுவலகத்தில் நேர்மையாக இருப்பவருக்குக் கிடைப்பது ஏமாளிப் பட்டம்தான்.

சான் கண்டிப்பானவர். ஆனால் அந்தக் கண்டிப்பு மேலிருந்து தொடங்கியது. செல்வாக்குள்ளவர்கள் வீட்டிலும் மீட்டர் பொருத்தச் சொன்னார். மறுத்த ராணுவ ஜெனரல் ஒருவர் தன் தலையில் துப்பாக்கி வைத்ததாகவும், ஆயுதம் தாங்கிய காவலர்களோடு திரும்பிப் போய் இணைப்பைத் துண்டித்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜெனரல் வீட்டுக் குழாயையே மூடிய அதிகாரியின் கீழ் வேலை செய்யும் லைன்மேன், ஒரு கடைக்காரரிடம் பில் கேட்கத் தயங்குவாரா?

இன்னொரு பக்கம் சம்பளம் உயர்ந்தது. கசிவைக் குறைத்த குழுக்களுக்கு ஊக்கத்தொகை கிடைத்தது, திருட்டுக்குத் துணைபோனவர்கள் வேலையை இழந்தார்கள். திறமையுள்ள இளைஞர்கள் பொறுப்புகளுக்கு வந்தார்கள். பர்ன்ஸ் பிரித்த இரண்டு பாணியும் ஒரே ஆளிடம்! இருபது ஆண்டுகளுக்குள் நீரிழப்பு பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-ல் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் கண்டிப்பை ஊழியர்கள் தாங்கிக்கொண்டது, விதி ஆளுக்கு ஆள் மாறவில்லை என்பதால்தான் என்று தோன்றுகிறது.

நம் ஊரிலும் ஒரு சோதனை நடந்தது, முற்றிலும் வேறு பாணியில். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் 2004 வாக்கில் ‘கூடம்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பதவி வேறுபாடு பாராமல் வட்டமாக உட்கார்ந்து, உதவிப் பொறியாளரும் தலைமைப் பொறியாளரும் ஒரே உரிமையோடு பேச வேண்டும். கோப்பில் ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’ என்று எழுதியே பழகியவர், திட்டம் எந்த இடத்தில் தவறியது என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்வது சின்ன மாற்றமில்லை. தன் சொல் காதில் விழுகிறது என்பதே பலருக்குச் சம்பள உயர்வுக்கு அடுத்தபடியான சந்தோஷம்.

ஆனால் தலைமைப் பாணிக்கு ஒரு வரம்பு உண்டு. 1996-ல் புனோம் பென் ஆணையத்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. ஊதியத்தையும் ஊக்கத்தொகையையும் தானே முடிவு செய்ய அது வழிவிட்டது. இங்கே ஊதியம் அரசு விகிதப்படி, மேலாண்மை இயக்குநரோ எப்போது வேண்டுமானாலும் மாற்றலாகக்கூடிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. அதைவிடப் பெரிய இடைவெளி கீழே இருக்கிறது. கிராமத்தில் விடியற்காலை மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் ஆபரேட்டர் ஊராட்சியின் ஆள். வாரியத்துக்குள் பொறியாளர்கள் எவ்வளவு மனம்விட்டுப் பேசினாலும், அந்த வட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது.