ஆறாவது அம்பு எங்கே?

வில்வித்தைத் திடலில் மூன்று முறை விசில் ஊதினால், எல்லாரும் வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். அன்று மாலை நானும் போனேன். எய்தவை ஆறு, இலக்கில் இருந்தவை ஐந்து.

“ஒன்னு எங்க?” என்று கேட்டார் எங்கள் பல்கலைக்கழக அணியின் மூத்த மாணவியான அக்கா.

“இடது பக்கம் கொஞ்சம் தள்ளிப் போச்சுக்கா” என்றேன். இலக்குப் பலகைக்கு இடப்புறம் பத்து நிமிடம் தேடினோம். கிடைக்கவில்லை.

அது கழகத்தின் அம்பு. விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அக்கா திடலின் மறுமுனையைக் காட்டினார். காலையில் சிறுவர்கள் அங்கே பந்து விளையாடுவார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. கார்பன் அம்பு உடைந்தால் ஊசி போன்ற சிம்புகளாகப் பிளக்கும். தோலுக்குள் ஏறினால் எடுப்பது கடினம். புல்வெட்டும் இயந்திரம் அதன்மேல் ஏறினால் துண்டுகள் சிதறும்.

“கெடைக்காம வீட்டுக்குப் போக முடியாது” என்றார்.

அப்போதுதான் என் மனம் உறுத்தியது. அம்பு இடப்புறம் போகவில்லை. அது எனக்குத் தெரியும்.

அதற்கு முன் 50 மீட்டரில் எய்துகொண்டிருந்தோம். பிறகு இலக்கை 30 மீட்டருக்குக் கொண்டு வந்தார்கள். தூரம் கூடக்கூட அம்பு அதிகம் கீழிறங்கும் என்பதால், வில்லை உயர்த்திப் பிடிக்கும்படி சைட்டைக் கீழே இறக்கி வைப்போம். 30 மீட்டருக்கு அதை மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். நான் மறந்துவிட்டேன். முதல் அம்பு பலகைக்கு மேலாகப் பறந்ததைப் பார்த்ததும் சத்தமில்லாமல் சைட்டைத் திருத்தி, மீதி ஐந்தையும் எய்தேன். இரண்டாம் ஆண்டில் இருந்துகொண்டு இந்தத் தவற்றைச் சொல்ல வெட்கம்.

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்போ பின்னாடிதான் இருக்கும்” என்று மட்டும் சொல்லி நடந்தார்.

நான் நின்ற இடத்தில் என் பையை வைத்தோம். பையையும் இலக்கின் நடுவையும் சேர்த்து ஒரு நேர்கோடு பார்த்து, அதே கோட்டில் பின்னால் போனோம். தாழ்வாக வந்து விழும் அம்பு குத்திட்டு நிற்காது. புல்லுக்கடியில் படுத்தபடி நுழைந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் காலணியைப் புல்லில் மெதுவாகத் தேய்த்தபடி நடந்தோம். இருட்டத் தொடங்கியதும் கைப்பேசி விளக்கைத் தரையோடு ஒட்டிப் பிடித்தோம். பலகைக்குப் பின்னால் சுமார் 30 மீட்டரில், அம்பின் ஆரஞ்சு நிற வால் மின்னியது.

வாலைப் பிடித்து இழுத்தால் இறகுகள் பிய்ந்துவிடும். முனைப் பக்கமாக உருவி எடுத்தோம். அக்கா அதைக் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்த்தார். விரிசல் சத்தம் இல்லை. மீண்டும் எய்யலாம்.

வில்வித்தையில் சேர நினைக்கும் நண்பர்களே, அம்பில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதுங்கள். போட்டி விதியும் அதுதான். எய்யும் முன்பும் எடுத்த பின்பும் எண்ணுங்கள். நான் இன்னொன்றையும் பழகிக்கொண்டேன்: அம்பு இலக்கைத் தவறினால், எந்தப் பக்கம் போனது என்று அப்போதே உரக்கச் சொல்லிவிடுகிறேன்.